ஜெமினின்: மனித செல் தன் டிஎன்ஏ-வை ஒரே ஒரு முறை நகலெடுப்பது எப்படி? படிப்படியான வழிகாட்டி

செல் பிரிவதற்கு முன் டிஎன்ஏ இரட்டிப்பாகிறது என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஹெலிகேஸ் இழைகளைப் பிரிக்கும், பாலிமரேஸ் புது இழையைக் கட்டும் என்பதும் நினைவில் இருக்கும். அந்தப் பாடங்கள் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு துண்டை நகலெடுத்து முடித்த பிறகு, அதே சுற்றில் அதே துண்டை இன்னொரு முறை நகலெடுக்காமல் செல்லைத் தடுப்பது எது?

அதற்கான பதிலில் முக்கியப் பங்கு வகிக்கும் ஒரு சின்னப் புரதம்தான் ஜெமினின். உயிரியலோ உயிர்த்தொழில்நுட்பமோ மருத்துவமோ படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் பயன்படும். பல விளக்கங்கள் ஜெமினினைத் ‘தடுப்பான்’ என்று அறிமுகப்படுத்திவிட்டு அங்கேயே நின்றுவிடுகின்றன. அது தடுப்பான்தான், சந்தேகமில்லை. ஆனால் அது எந்த நேரத்தில் செல்லில் இல்லாமல் போகிறது என்று பார்த்தால்தான் மற்றதெல்லாம் பிடிபடும். கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் இந்தக் கேள்வியைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சிக்கலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு மனித உடல் செல்லில் ஏறக்குறைய 600 கோடி கார இணைகள் (டிஎன்ஏ-வின் எழுத்து இணைகள்) இருக்கின்றன. நீட்டி வைத்தால் சுமார் 2 மீட்டர் வரும். இதில் 1ஆம் குரோமோசோம் மட்டுமே ஏறத்தாழ 25 கோடி கார இணைகள் கொண்டது. மனித செல்லில் ஒரு நகலெடுப்புக் கவை, அதாவது இழைகள் பிரிந்து நகலெடுப்பு நடக்கும் முனை, நிமிடத்துக்குச் சுமார் 1,000 முதல் 2,000 கார இணைகள் வரைதான் நகரும்.

இப்போது 1ஆம் குரோமோசோமின் நட்டநடுவில் ஒரே ஒரு தொடக்கப்புள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து இரு திசையிலும் இரண்டு கவைகள் கிளம்பும். இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்கு 4,000 என்று தாராளமாகக் கணக்கு வைத்தாலும், வேலை முடிய 43 நாள் ஆகும். உண்மையில் பல மனித செல்கள் எஸ் கட்டத்தை (டிஎன்ஏ நகலெடுக்கப்படும் காலத்தை) எட்டு மணி நேரம் போல எடுத்துக்கொண்டு முடித்துவிடுகின்றன. ஒரு சுற்றில் பல்லாயிரம் தொடக்கப்புள்ளிகள் வேலை செய்வதால்தான் இது முடிகிறது.

தொல்லை இங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தப் பல்லாயிரம் புள்ளிகள் ஒரே நொடியில் கிளம்புவதில்லை. சில எஸ் கட்டத்தின் தொடக்கத்தில் கிளம்பும், சில நடுவில், சில கடைசியில். அப்படியென்றால் பாதி வழியில் ஒரு குரோமோசோமைப் பார்த்தால், நகலெடுத்த பகுதியும் எடுக்காத பகுதியும் அருகருகே கிடக்கும். நகலெடுப்பைத் தொடங்கும் நொதிகளோ முழு வேகத்தில் இயங்கிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் எந்தப் புள்ளி வேலையை முடித்தது, எது முடிக்கவில்லை என்று செல் எப்படிப் பிரித்தறியும்?

படி 2: 1970-இல் நடந்த ஒரு சோதனையை மனத்தில் ஓட்டிப் பாருங்கள்

மூலக்கூறுகளின் பெயர்களுக்குப் போகுமுன் இந்தச் சோதனையைப் புரிந்துகொள்வது நல்லது. என் கணிப்பில், செல் சுழற்சி ஆய்வில் இவ்வளவு எளிமையான, இவ்வளவு வலுவான சோதனைகள் குறைவு. பி. என். ராவும் ஆர். டி. ஜான்சனும் ஹீலா செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கும் ஒரு மனிதப் புற்றுநோய் செல் வகை) வெவ்வேறு கட்டங்களில் எடுத்து, இரண்டிரண்டாக ஒட்டவைத்தார்கள். ஒரே சைட்டோபிளாசத்துக்குள் இப்போது இரண்டு உட்கருக்கள்.

எஸ் கட்டச் செல்லோடு, இன்னும் நகலெடுக்கத் தொடங்காத ஜி1 கட்டச் செல்லை ஒட்டினால், ஜி1 உட்கரு வழக்கத்தைவிட முன்னதாகவே டிஎன்ஏ-வை நகலெடுக்கத் தொடங்கியது. ஆனால் எஸ் கட்டச் செல்லோடு, நகலெடுத்து முடித்த ஜி2 கட்டச் செல்லை ஒட்டியபோது, ஜி2 உட்கரு அசையவில்லை. நகலெடுப்பைத் தூண்டும் பொருட்கள் எல்லாம் அதே சைட்டோபிளாசத்தில் இருந்தும் அது சும்மா இருந்தது.

ஆக, ஜி1 உட்கருவிடம் இருக்கும் ஏதோ ஒன்று ஜி2 உட்கருவிடம் இல்லை. தூண்டுதல் மட்டும் போதாது, டிஎன்ஏ முன்கூட்டியே அதற்குத் தயாராக்கப்பட்டிருக்க வேண்டும். 1988-இல் ஜூலியன் புளோவும் ரான் லாஸ்கியும் தவளை முட்டைச் சாற்றில் செய்த ஆய்வுகளை வைத்து இதற்கு ஓர் மாதிரியை முன்வைத்தார்கள்: டிஎன்ஏ-வுக்கு ஒரு ‘உரிமம்’ கிடைக்கிறது, நகலெடுக்கும்போது அந்த உரிமம் செலவாகிவிடுகிறது, அடுத்த மைட்டாசிஸை (செல் பிரிவை) தாண்டும்வரை புது உரிமம் கிடைக்காது.

படி 3: உரிமம் என்பது எந்த மூலக்கூறு?

இங்கே நான்கு பெயர்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

ஓஆர்சி என்பது ஆறு புரதங்கள் கொண்ட ஒரு கூட்டு. தொடக்கப்புள்ளியில் உட்கார்ந்து இடத்தைக் குறிப்பது இதன் வேலை. 1992-இல் ஸ்டீபன் பெல்லும் புரூஸ் ஸ்டில்மனும் இதை ஈஸ்டில் கண்டுபிடித்தார்கள். ஈஸ்டில் இதற்குக் குறிப்பிட்ட டிஎன்ஏ வரிசை உண்டு. மனிதரில் அப்படி ஒரு நிலையான வரிசை கிடையாது.

சிடிசி6, சிடிடி1 என்ற இரண்டும் ஏற்றிவிடுகிறவை. ஓஆர்சி-யோடு சேர்ந்து அடுத்த புரதத்தை டிஎன்ஏ மேல் ஏற்றுகின்றன.

எம்சிஎம் என்பது வளையம் போன்ற கூட்டு. எம்சிஎம்2 முதல் எம்சிஎம்7 வரை ஆறு புரதங்கள் சேர்ந்தது. இரண்டு வளையங்கள் நேருக்கு நேர் ஒட்டிய நிலையில் டிஎன்ஏ-வைச் சுற்றி மாட்டப்படுகின்றன. இந்த மாட்டப்பட்ட வளையம்தான் ‘உரிமம்’. இதுவே பின்னால் ஹெலிகேஸின் மையமாக மாறி இழைகளைப் பிரிக்கும். ஆனால் மாட்டியவுடன் அது இயங்காது. எஸ் கட்டத்தில் சிடிகே, டிடிகே என்ற கைனேஸ்களின் (பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகளின்) தூண்டுதலோடு, சிடிசி45, ஜிஐஎன்எஸ் என்ற துணைப் புரதங்களும் வந்து சேர்ந்த பிறகுதான் இயங்கும்.

வளையத்தை மாட்டுவது ஒரு வேலை, இயக்குவது இன்னொரு வேலை. இந்த இரண்டையும் செல் ஒரே நேரத்தில் நடக்க விடுவதே இல்லை. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா இலையையும் போட்டு முடித்த பிறகே பரிமாற ஆரம்பிப்பார்கள், பரிமாறத் தொடங்கியபின் அந்தப் பந்தியில் புது இலை போடமாட்டார்கள். ஜி1 கட்டம் இலை போடும் நேரம், எஸ் கட்டம் பரிமாறும் நேரம்.

நகலெடுப்புக் கவை நகரும்போது வளையமும் தொடக்கப்புள்ளியை விட்டு நகர்ந்துபோய்விடுகிறது. இயங்காமல் கிடக்கும் வளையங்களின் மேல் கவை வந்தால் அவையும் அகற்றப்படுகின்றன. ஆகவே நகலெடுத்த பகுதியில் வளையம் இருக்காது. படி 1-இன் கடைசியில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஒரே நிபந்தனை, எஸ் கட்டம் தொடங்கியபின் யாரும் புது வளையத்தை மாட்டக்கூடாது.

ஜெமினின் நுழைவது அங்கே.

படி 4: ஜெமினினின் உடலமைப்பைப் பாருங்கள்

1998-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் தாமஸ் மெக்கேரியும் மார்க் கிர்ஷ்னரும் ஒரு வித்தியாசமான கோணத்தில் தேடினார்கள். மைட்டாசிஸின்போது அழிக்கப்படும் புரதங்கள் எவை என்று தவளை முட்டைச் சாற்றில் சலித்துப் பார்த்தார்கள். அப்படிக் கிடைத்த ஒன்றுதான் ஜெமினின். கவனியுங்கள், நகலெடுப்பைத் தடுக்கும் பொருளைத் தேடி இதைக் கண்டுபிடிக்கவில்லை. காணாமல்போகும் பொருளைத் தேடியபோது கிடைத்தது. அழியாதபடி மாற்றிய ஜெமினினைச் சாற்றில் சேர்த்தபோது எம்சிஎம் டிஎன்ஏ மேல் ஏறவில்லை, நகலெடுப்பும் நடக்கவில்லை. 2000-இல் வெளிவந்த ஆய்வு அது பிடித்துவைப்பது சிடிடி1-ஐ என்று காட்டியது. கூடுதலாக சிடிடி1 சேர்த்தால் தடை நீங்கியது.

மனித ஜெமினினில் 209 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. அதற்கான மரபணு ஜிஎம்என்என், 6ஆம் குரோமோசோமின் குட்டைக் கரத்தில் இருக்கிறது. புரதத்தில் இரண்டு பகுதிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முன்முனையில், முதல் 35 அமினோ அமிலங்களுக்குள், ‘அழிவுப் பெட்டி’ என்ற சிறிய வரிசை இருக்கிறது. “என்னை அழித்துவிடு” என்று அடையாளம் காட்டும் பகுதி இது. ஏபிசி எனப்படும் பெரிய யுபிக்விட்டின் லிகேஸ் (அழிக்க வேண்டிய புரதத்துக்கு யுபிக்விட்டின் என்ற குறியை ஒட்டும் நொதி) இதைப் பிடித்துக் குறியிட, செல்லின் புரதச் சிதைப்பு இயந்திரமான புரோட்டியாசோம் ஜெமினினைச் சிதைத்துவிடும்.

நடுவில், ஏறக்குறைய 95 முதல் 145 வரை, சுருளிச்சுருள் பகுதி. இதன் வழியாக இரண்டு ஜெமினின்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு இணையாகின்றன. அந்த இணை சிடிடி1-ஐப் பிடித்துக்கொள்ளும்போது, எம்சிஎம் வந்து ஒட்ட வேண்டிய வழி அடைபடுகிறது. சிடிடி1 கெட்டுப்போவதில்லை, வேலை செய்ய முடியாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஒரு பகுதி தடுக்கிறது, இன்னொரு பகுதி தடுப்பவரையே நேரம் பார்த்து வெளியேற்றுகிறது. இரண்டும் ஒரே புரதத்துக்குள் இருப்பதுதான் இதன் சிறப்பு.

படி 5: ஒரு செல்லை ஒரு முழுச் சுற்று பின்தொடருங்கள்

ஒரு தாளை எடுத்துக் குறுக்குக் கோடு ஒன்று போட்டு மைட்டாசிஸ், ஜி1, எஸ், ஜி2, மறுபடி மைட்டாசிஸ் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதன் மேல் ஜெமினினுக்கு ஒரு வரி, சிடிடி1-க்கு ஒரு வரி வரையப் போகிறோம். இந்தப் படத்தைச் சொந்தக் கையால் வரையாமல் இந்தப் பாடம் யாருக்கும் நிலைத்து நான் பார்த்ததில்லை.

மைட்டாசிஸில் குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நின்று, பிறகு இரு பக்கமாக இழுபடும் நேரத்தில் ஏபிசி விழித்துக்கொள்கிறது. செல் பிரிவை முன்னேறவிடாமல் பிடித்துவைக்கும் சைக்ளின் பி-யையும் செக்யூரினையும் அழிக்கும் அதே நொதிதான் ஜெமினினையும் அழிக்கிறது. ஆகவே ஜெமினின் வரி இங்கே சட்டென்று விழ வேண்டும். சிடிடி1 விடுதலையாகிறது. சிடிகே செயல்பாடும் இதே நேரத்தில் விழுந்துவிடுவதால், எம்சிஎம் வளையங்களை மாட்டுவதற்கான சூழல் உருவாகிறது.

ஜி1 முழுக்க ஜெமினின் இல்லை. ஏபிசி-யோடு சிடிஎச்1 என்ற துணைப் புரதம் சேர்ந்து, புதிதாக உருவாகும் ஜெமினினையும் உடனுக்குடன் அழித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் காலத்தில்தான் வளையங்கள் மாட்டப்படுகின்றன, அதுவும் தேவையைவிடப் பல மடங்கு அதிகமாக. மிச்சம் வீணில்லை. கவை எங்காவது சிக்கிக்கொண்டால் பக்கத்தில் சும்மா இருக்கும் வளையம் கிளம்பி அந்தப் பகுதியை முடித்துக்கொடுக்கும்.

ஜி1 முடியும்போது இ2எஃப் என்ற மரபணு இயக்கும் காரணிகள் பல மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. ஜெமினின் மரபணுவும் அதில் அடக்கம். இமி1 என்ற புரதமும் சிடிகே2-உம் சேர்ந்து ஏபிசி-யின் வாயைக் கட்டுகின்றன. அழிப்பவர் ஓய்ந்ததும் ஜெமினின் சேர ஆரம்பிக்கிறது. இனி புது உரிமம் கிடையாது.

எஸ் கட்டத்தில் ஜெமினின் வரி மேலே ஏறும், சிடிடி1 வரி கீழே இறங்கும். சிடிடி1 இறங்குவதற்கு ஜெமினின் காரணமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நகலெடுப்பில் ஈடுபட்டிருக்கும் பிசிஎன்ஏ வளையத்தின் (பாலிமரேஸை டிஎன்ஏ-வில் பிடித்துவைக்கும், எம்சிஎம்-இலிருந்து வேறான வளையம்) மேல் சிடிடி1 ஒட்டும்போது, சிஆர்எல்4–சிடிடி2 என்ற இன்னொரு லிகேஸ் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்புகிறது. எஸ்சிஎஃப்–எஸ்கேபி2 என்ற மூன்றாவது லிகேஸும் கைகொடுக்கிறது. பெயர்க் குழப்பம் ஒன்று: சிடிடி1 வேறு, சிடிடி2 வேறு. முன்னது வளையத்தை ஏற்றுவது, பின்னது அதை அழிவுக்குக் காட்டிக்கொடுப்பது.

அப்புறம் ஜி2. பலர் வேகமாகக் கடந்துவிடும் கட்டம் இது. ஜெமினினின் மதிப்பு பளிச்சென்று தெரிவது இங்கேதான் என்பேன். நகலெடுப்பு முடிந்ததும் பிசிஎன்ஏ டிஎன்ஏ-வை விட்டு இறங்கிவிடும். அதனால் பிசிஎன்ஏ-வைச் சார்ந்த அழிப்பு நின்றுபோகிறது, சிடிடி1 மறுபடி சேரத் தொடங்குகிறது. டிஎன்ஏ இரட்டிப்பாகிவிட்டது, ஏற்றிவிடும் புரதமும் கையில் வந்துவிட்டது. இந்த அபாயமான இடைவெளியில் சிடிடி1-ஐப் பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு ஜெமினினுடையது. அதோடு, மைட்டாசிஸில் சிடிடி1 அழிந்துபோகாமல் ஜெமினின் காப்பாற்றியும் வைக்கிறது என்று மனித செல்களில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடுத்த ஜி1-இல் உரிமம் வழங்க வேண்டிய அதே சிடிடி1-ஐ, இப்போது வேலை செய்ய விடாமலும் இழந்துவிடாமலும் பத்திரமாக வைத்திருக்கிறது.

பிறகு மைட்டாசிஸ், ஏபிசி, வீழ்ச்சி. சுற்று முடிந்தது.

படி 6: குறைத்துப் பாருங்கள், கூட்டிப் பாருங்கள்

எந்தப் புரதத்தையும் இரு பக்கமும் கெடுத்துப் பார்த்தால்தான் அதன் வேலை தெளிவாகும்.

குறைத்தால்: எச்சிடி116 என்ற பெருங்குடல் புற்றுநோய் செல்களில் ஆர்என்ஏ இடையீட்டின் (ஒரு மரபணுவின் செய்தியை அடக்கும் முறையின்) மூலம் ஜெமினினை நீக்கியபோது, செல்கள் டிஎன்ஏ-வை மறுபடி மறுபடி நகலெடுத்தன. டிஎன்ஏ சேதமடைந்து, சேதத்தைக் கண்காணிக்கும் அமைப்பு செல்லை மைட்டாசிஸுக்குள் போக விடாமல் நிறுத்தியது. எலிக் கருவில் ஜெமினின் மரபணுவை முழுதாக நீக்கினால் கரு மிக ஆரம்பத்திலேயே நின்றுவிடுகிறது. அதன் செல்கள், டிஎன்ஏ-வைப் பல மடங்காக்கிக்கொண்டு பிரியாமலே பருக்கும் நஞ்சுக்கொடிப் பெருஞ்செல்கள் போல மாறிவிடுகின்றன.

எல்லா மனித செல்களும் இப்படி நடந்துகொள்வதில்லை. பல இயல்பான செல்களில் ஜெமினினை நீக்கினாலும் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஏனெனில் சிடிடி1-ஐ அழிக்கும் வழிகளும், சைக்ளின் ஏ–சிடிகே தரும் தடையும் அங்கே பாரத்தைத் தாங்கிக்கொள்கின்றன. சில புற்றுநோய் செல்களில் மட்டும் ஜெமினினை நம்பியிருக்கும் அளவு அதிகம். இந்த வித்தியாசத்தைச் சிகிச்சைக்குப் பயன்படுத்த முடியுமா என்று ஆய்வாளர்கள் தேடுவது இயல்பே. ஈஸ்டில் ஜெமினினே கிடையாது. அங்கே சிடிகே வழியாகவே எல்லாக் கட்டுப்பாடும் நடக்கிறது.

கூட்டினால்: இதற்கு மனிதரிடமே ஓர் உதாரணம் இருக்கிறது. மையர்–கோர்லின் நோய்த்தொகுப்பு என்பது அரிய பிறவி நிலை. குள்ளமான உடல், சிறிய காதுகள், முழங்கால் சில்லு சிறுத்தோ இல்லாமலோ இருப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். 2011-இல் ஓஆர்சி1, ஓஆர்சி4, ஓஆர்சி6, சிடிடி1, சிடிசி6 மரபணுக்களில் உள்ள பிறழ்வுகள் இதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டன. படி 3-இன் பட்டியலை மறுபடி பாருங்கள், அதே பெயர்கள். உரிமம் வழங்கும் திறன் குறைந்தால் வளர்ச்சி குன்றுகிறது.

2015-இல் ஜெமினின் மரபணுவும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. பாதிக்கப்பட்டவர்களின் ஜெமினினில் முன்முனை இல்லை, அதாவது அழிவுப் பெட்டி இல்லை. தடுக்கும் பகுதி அப்படியே இருக்கிறது, வெளியேற்றும் பகுதி போய்விட்டது. ஆகவே ஜி1-இல் காணாமல்போக வேண்டிய ஜெமினின் தங்கிவிடுகிறது. மற்ற மரபணுக்களில் இரண்டு பிரதியும் பழுதாக வேண்டியிருக்க, இங்கே ஒரு பிரதி பழுதானாலே போதும். பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றிய பிறழ்வுகள் இவை. ஜெமினின் ‘இல்லாத நேரம்’ எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை நான் அறியேன்.

படி 7: ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்ப்பது

செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றை முன் ஓடவிட்டு அளக்கும் ஓட்ட சைட்டோமெட்ரிதான் முதல் வழி. செல்களின் டிஎன்ஏ-வை புரோப்பிடியம் அயோடைடு கொண்டு சாயமேற்றினால், ஜி1 செல்கள் ஒரு முகட்டிலும், ஜி2-வும் மைட்டாசிஸும் அதன் இரு மடங்கு அளவில் இன்னொரு முகட்டிலும் நிற்கும். மறுநகலெடுப்பு நடந்தால் இரண்டாவது முகட்டுக்கு வலது பக்கம் இழுத்துவிட்டது போல ஒரு வால் தெரியும். டிஎன்ஏ-வின் சில பகுதிகள் மட்டும் மறுபடி நகலெடுக்கப்படுவதால் அளவு ஒழுங்கில்லாமல் இருக்கும். நான்கு மடங்கில் கூர்மையாக முகடு தெரிந்தால் எச்சரிக்கையாக இருங்கள். செல் பிரியாமல் தோற்றுப்போய் அடுத்த சுற்றுக்குள் நுழைந்திருக்கலாம், அது வேறு கதை. இரண்டு செல்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் பதிவாவதும் இதே இடத்தில் வந்து ஏமாற்றும், ஆகவே ஒட்டிய செல்களை முதலில் கணக்கிலிருந்து விலக்குங்கள்.

புரதங்களை ஜெல்லில் அளவுப்படி பிரித்துக் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஜெமினின் கணக்குப்படி சுமார் 24 கிலோடால்டன். ஜெல்லில் அதைவிடச் சற்று மேலே தென்படுவது வழக்கம். இரண்டு மாதிரிகளில் ஜெமினின் அளவு வேறுபட்டால், உடனே ‘கூடியது’, ‘குறைந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். ஜி1 செல்கள் அதிகம் உள்ள மாதிரியில் ஜெமினின் தானாகவே குறைவாகத்தான் இருக்கும். செல் சுழற்சிப் பரவலைப் பக்கத்தில் வைக்காத ஜெமினின் பிளாட்டை நான் நம்புவதில்லை.

உரிமம் கிடைத்ததா என்று நேரடியாகப் பார்க்க, மென்மையான டிடர்ஜென்ட்டால் செல்லைக் கழுவி, டிஎன்ஏ-வோடு ஒட்டாத புரதங்களை வெளியேற்றிவிட்டு, மிஞ்சிய எம்சிஎம்-ஐ அளக்க வேண்டும். மொத்த எம்சிஎம் அளவு இதற்குப் பயன்படாது, அது சுற்று முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை.

இருப்பதிலேயே அழகான கருவி ஃபுச்சி. 2008-இல் ஜப்பானின் ரிக்கன் நிறுவனத்தில் அட்சுஷி மியாவாக்கியின் குழு உருவாக்கியது. சிடிடி1-இன் ஒரு துண்டைச் சிவப்பு ஒளிரும் புரதத்தோடும், ஜெமினினின் முதல் 110 அமினோ அமிலங்களைப் பச்சை ஒளிரும் புரதத்தோடும் இணைத்தார்கள். ஜி1 உட்கரு சிவப்பாகவும், எஸ், ஜி2, மைட்டாசிஸ் கட்டங்களில் பச்சையாகவும் ஒளிரும். ஜி1 முடிந்து எஸ் தொடங்கும் எல்லையில் இரண்டும் சேர்ந்து மஞ்சளாகத் தெரியும். படி 5-இல் தாளில் வரைந்த இரண்டு வரிகளும் உயிருள்ள செல்லில் நிறமாக ஓடுவதைப் பார்க்கலாம்.

நோய்க்கூறியலில் கேஐ-67 என்ற புரதத்துடன் சேர்த்து ஜெமினினையும் சாயமேற்றிப் பார்ப்பதுண்டு. கேஐ-67 சுழற்சியில் உள்ள செல்களையெல்லாம் காட்டும், ஜெமினின் எஸ் கட்டத்தைத் தொட்டவற்றை மட்டும் காட்டும். கட்டியில் ஜெமினின் அதிகம் என்றால் அங்கே செல்கள் வேகமாகப் பிரிகின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். ஜெமினின்தான் புற்றுநோயை உண்டாக்கியது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

படி 8: நீங்களே செய்து பாருங்கள்

யூனிபிராட் (UniProt) புரதத் தரவுத்தளத்தில் ஓ75496 என்ற எண்ணைத் தேடுங்கள். முதலில் வருவது பூஜ்யமல்ல, ஆங்கில எழுத்து ஓ. மனித ஜெமினினின் 209 எழுத்து வரிசை வரும். அதைப் பிரதி எடுத்து, முதல் 35 எழுத்துகளுக்குள் ஆர்ஜினினுக்கும் (R) லியூசினுக்கும் (L) இடையே இரண்டு எழுத்துகள் மட்டும் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அடிக்கோடிடுங்கள். அழிவுப் பெட்டியின் மையம் அது. 95 முதல் 145 வரை இன்னொரு நிறத்தில் குறியுங்கள். பிறகு வரிசையில் முதல் எழுத்துக்குப் பின் அடுத்த மெத்தியோனின்கள் (M) எங்கெங்கே வருகின்றன என்று பார்த்து, மொழிபெயர்ப்பு அங்கிருந்து தொடங்கினால் எந்த நிறம் தப்பும், எந்த அடிக்கோடு காணாமல்போகும் என்று எழுதுங்கள். கடைசியாக, படி 5-இல் வரைந்த தாளை எடுத்து, அந்தக் குறைபட்ட ஜெமினினுக்கான வரியை வேறு மையில் அதே படத்தின் மேல் வரையுங்கள்.